நோவாவின் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்துச் சபைகளில் சிறுபிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், பங்குகளில் மறைக்கல்வி நடத்தும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கடிதம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் கமிட்டிகளில் ஒரே பேச்சுதான். கிறிஸ்துமஸ் ட்ரீ அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? டிபன் பாக்ஸா, வாட்டர் பாட்டிலா, புத்தகமா? புத்தகம் என்று முடிவானால் எனக்குச் சந்தோஷம். அதன்பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. யாராவது ஒருவர் மின்ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, மெமோரியல் ஹால் பக்கம் போகிறார். "மூணு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும், நாற்பது காப்பி வேணும், கழிவு எவ்வளவு?" என்று கேட்கிறார். அட்டை பளபளப்பாக இருக்கும் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வந்து சேருகிறார். ஆரஞ்சுப் பழம் வாங்கினால்கூட நாலைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பிள்ளையின் கையில் போகும் வேதக் கதைப் புத்தகத்தை மட்டும் உள்ளே பிரித்துப் பார்க்காமலே வாங்குகிறோம்.

எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் வேதம் என்பது படம்தான். நாம் வாசிப்பதில் பாதி காற்றோடு போய்விடும். படம் போகாது. ஏதேன் தோட்டம் என்றதும் ஐம்பது வயதிலும் நமக்கு ஆப்பிள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆதியாகமத்தில் ஆப்பிள் என்ற பேச்சே கிடையாது. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை. அவர்கள் பிள்ளையைக் கண்டது தொழுவத்தில் அல்ல, வீட்டில். யோனாவை விழுங்கியது ஒரு பெரிய மீன் என்பதோடு யோனா புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. திமிங்கலமாக்கிப் பெயர் வைத்தது பிற்பாடு வந்தவர்கள். சிங்கக் கெபியில் நிற்கும் தானியேலை எல்லோரும் மீசை முளைக்காத வாலிபனாக வரைகிறார்கள். அந்தப் புத்தகத்தின் கணக்கையே வைத்துப் பார்த்தால் அவர் அப்போது எண்பதை ஒட்டிய கிழவர். இதனால் யாருடைய இரட்சிப்பும் கெட்டுவிடவில்லை. ஆனால் நாற்பது வருடப் பிரசங்கத்தால் அழிக்க முடியாத ஒன்றை நான்கு வயதில் பார்த்த ஒரு படம் பதித்துவிடுகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குப் போகிறவரிடம் ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுத்தனுப்புங்கள். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் நோவாவின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். சிறுபிள்ளைகளுக்கான வேதக் கதைத் தொகுப்பில் நோவா இல்லாத புத்தகம் அபூர்வம். படம் வரைந்தவர் ஆதியாகமத்தைப் படித்தாரா, முந்தைய படப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குளிக்கும் தொட்டி மாதிரி உருண்டையாக ஒரு படகு. கூரையைப் பிளந்துகொண்டு இரண்டு ஒட்டகச்சிவிங்கித் தலைகள். நோவா தாடிக்குள் சிரிக்கிறார், யானை சிரிக்கிறது, சூரியனுக்கும் வாய் வரைந்து அதுவும் சிரிக்கிறது. தண்ணீர் நீச்சல்குளத்து நீலம்.

இதை முடிச்சூர்ப் பிள்ளைக்குக் காட்டிப் பாருங்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது, தெருவில் படகு ஓடியது. அது நடந்தபோது பிறக்காத பிள்ளைகளும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி அதையே பார்த்தார்கள். வெள்ளத் தண்ணீர் நீலமாக இருக்காது, சாக்கடையும் செம்மண்ணும் கலந்து தேநீர் நிறத்தில் வரும், மோட்டார் சைக்கிளை மூழ்கடிக்கும், ஃபிரிட்ஜை மிதக்கவைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வகுப்பில் இப்படி ஒரு சிரிக்கும் படகைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "இவங்க தெருவுல மத்தவங்க வீடெல்லாம் எங்க டீச்சர்? மாடியில யாரும் நிக்கலையா?" என்று கேட்டான். புயல் வந்தபோது அவனே மாடியில் நின்றவன். கதையின் மிகக் கனமான கேள்வியை அவன் கேட்டுவிட்டான். படம் வரைந்தவர்தான் கேட்கவில்லை.

பிணங்களை வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? ஆனால் பயமுறுத்துவதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவே ஒரு நேர்மையான வழி உண்டு, அதில் நடந்த ஓவியர்களும் உண்டு. பீட்டர் ஸ்பியர் 1977-இல் வெளியிட்ட 'நோவாஸ் ஆர்க்' அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் பெற்றது. தொடக்கத்தில் வரும் ஒரு பழைய கவிதையை விட்டால் உள்ளே கிட்டத்தட்ட எழுத்தே இல்லை. கதவு சாத்தியபின் வெளியே நிற்கும் மிருகங்களின் காலடியில் தண்ணீர் ஏறுவதை அவர் வரைகிறார். உள்ளே நோவா சாணி அள்ளுகிறார், தீனி வைக்கிறார், சலித்துப்போகிறார். சிரிப்பும் இருக்கிறது, பாரமும் இருக்கிறது. எழுத்தில்லாத புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை. எந்தப் பாட்டியும் எந்தத் தமிழிலும் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் 2013-இல் 'தி என்டியூரிங் ஆர்க்' என்ற புத்தகத்தை வெளியிட்டது. கதையைச் சொன்னவர் கீதா வுல்ஃப், படம் ஜோய்தேப் சித்ரகார். அவர் சார்ந்த வங்காளத்துப் பட்டுவா ஓவியர்கள் சுருளை விரித்துப் பாடிக்கொண்டே கதை சொல்லும் மரபுக்காரர்கள். இந்தப் புத்தகமும் விசிறி மாதிரி மடித்தது. விரிக்க விரிக்க வெள்ளம் நீண்டுகொண்டே போகும். கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்று செய்திருக்க வேண்டிய வேலை இது. செய்தது கிறிஸ்தவப் பதிப்பகம் அல்ல. அதற்காக நாம் கொஞ்சம் வெட்கப்படலாம், தவறில்லை.

நோவாவின் பக்கத்தில் பார்க்க இன்னும் சில உண்டு. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழம் நம் பிள்ளைகளுக்கு அந்நியம் இல்லை, தாம்பரம் மார்க்கெட்டில் பூக்காரம்மா தினமும் கையால் அளந்து கொடுப்பதுதான். 300 முழம் என்பது சுமார் 135 மீட்டர். மின்ரயிலில் ஆறு பெட்டிக்கும் கொஞ்சம் கூடுதல். பாய்மரம் கிடையாது, சுக்கான் கிடையாது. மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு. ஓட்டிப்போகக் கட்டிய கப்பல் அல்ல அது, மிதந்து கிடக்கக் கட்டிய பெட்டி. நோவாவால் அதை எங்கேயும் செலுத்த முடியாது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. தொட்டிப் படகின் மேல்தட்டில் நோவாவைச் சுக்கான் பிடிக்கவைக்கும் ஓவியர் கதையையே தலைகீழாக்கிவிடுகிறார். எல்லா மிருகமும் இரண்டிரண்டு என்று வரைவதும் பாதிதான் சரி. சுத்தமான மிருகங்கள் ஏழேழு ஜோடி. முதலில் வெளியே போன பறவை காகம், அப்புறம்தான் புறா. காகத்தை வரைந்திருக்கும் புத்தகம் கையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அந்த ஓவியர் அதிகாரத்தை முழுக்கப் படித்தவர்.

இந்தப் பக்கம் தேறிவிட்டால் அடுத்தது இயேசுவின் முகம். வார்னர் சால்மன் என்ற அமெரிக்கர் 1940-இல் வரைந்த முகம், தேன் நிறத் தலைமுடியும் மேலே பார்க்கும் கண்களுமாக, காலண்டர் வழியாக நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்து குடியேறிவிட்டது. உலகமெங்கும் 50 கோடிக்கு மேல் அச்சான படம் என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது பக்தி, அதில் கைவைக்க நான் வரவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கறுப்பும் மாநிறமுமான பிள்ளைகள். பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி கேட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் இயேசு, மரியாள், தேவதூதன் எல்லோரும் வெள்ளை, யூதாஸும் ஓநாயும் மட்டும் கறுப்பு என்றால் என்ன பாடம் படிப்பார்கள்? யூதாஸின் படத்தைப் பாருங்கள். மற்ற பதினொரு பேரைவிட இரண்டு சாயல் கறுப்பாக அவரை வரைந்திருக்கும் புத்தகங்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அப்படிப்பட்டதை எந்தக் கழிவு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இயேசுவுக்கு வேட்டி கட்டிவிடுங்கள் என்பதல்ல என் கட்சி. அவர் மேற்கு ஆசியாவில் பிறந்த யூதர், அப்படியே வரையட்டும். அந்த ஊர் அமெரிக்காவைவிட நமக்குப் பக்கம். திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரைமேல் ஏற்றிய கதையைச் சரிந்த கூரை வீட்டுப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம். (கூரையைப் பிளந்தார்கள் என்பது மாற்கு. ஓடுகள் வழியாக இறக்கினார்கள் என்பது லூக்கா. அந்த நாலு பேரும் இறங்கிவந்து வீட்டுக்காரருக்குச் சரிசெய்து கொடுத்தார்களா என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும்.) களம், கிணறு, அகல்விளக்கு, கழுதை, எந்திரக்கல், புளித்தமாவு எல்லாம் நம் தாத்தா பாட்டிக்குப் பழகியவை. இவற்றை ஒழுங்காக வரைந்த புத்தகம் நம் வீட்டில் பேச்சைக் கிளப்பும்.

நம் முன்னோர்கள் எழுத்தில் இதை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியில் யூதேயா வயலும் வாய்க்காலுமாகத் தமிழ் நாடாகவே விரிகிறது, சூசை 'வளன்' ஆகிறார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். பாட்டில் இவ்வளவு துணிந்த நாம் படத்தில் மட்டும் இரவலிலேயே நின்றுவிட்டோம். அதற்குக் காரணம் பக்தி அல்ல, செலவு. மிஷன் அச்சகக் காலத்தில் லண்டனிலிருந்து வந்த படக்கட்டைகளை அப்படியே உபயோகித்தார்கள். இன்றைக்கு வெளிநாட்டுப் படத்தோடு கோப்பு வருகிறது, எழுத்தை மட்டும் தமிழில் மாற்றி அச்சடிக்கிறார்கள். கட்டை போய்க் கோப்பு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓவியர் இல்லாத ஊரா இது? ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் கிறிஸ்தவர் அல்லர்; 1950-களில் இயேசுவைக் கருவாகக் கொண்டு வரைந்தவர். பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து, கம்பி இழைத்து இயேசுவைச் செய்தவர். பரங்கிமலை உச்சிக் கோயிலில் லூக்காவே வரைந்ததாக நம்பி வணங்கப்படும் மாதா படம் இருக்கிறது. நம்பிக்கை எப்படியோ, சுவிசேஷகரையே ஓவியராகப் பார்த்த ஊர் நமக்கு ரயிலில் சில நிறுத்தங்கள்தான். 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் அகில உலக மிஷனெரி மாநாடு கூடியபோது ஏறத்தாழ 470 பேர் வந்திருந்தார்கள். ஆசியத் திருச்சபைகள் தங்கள் முகத்தோடு நிற்க வேண்டும் என்பது அங்கே பேச்சாக இருந்தது. அதே 1938-இல்தான் ஆசிய, ஆப்பிரிக்க ஓவியர்கள் வரைந்த கிறிஸ்துவின் படங்களைத் திரட்டி டேனியல் ஜான்சன் ஃப்ளெமிங் அமெரிக்காவில் புத்தகம் போட்டார். கேப்டவுன் பேராயராக இருந்த டெஸ்மண்ட் டூட்டு 2010-இல் வெளியிட்ட குழந்தைகள் வேதாகமத்தில் உலகின் பல நாட்டு ஓவியர்கள் ஆளுக்கொரு கதையைத் தங்கள் கையால் வரைந்திருக்கிறார்கள். தாம்பரத்தில் பேசியதைக் கேப்டவுன்காரர் செய்து காட்டிவிட்டார்.

சிலுவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்குக் கீழே ஆணியையும் ரத்தத்தையும் நெருக்கத்தில் காட்டும் படம் வேண்டாம். சிலுவையையே தாண்டிக் குதித்து நேராக ஈஸ்டர் லில்லிப் பூவுக்குப் போகும் புத்தகமும் வேண்டாம். தூரத்தில் மூன்று சிலுவை, பக்கத்தில் நின்று பார்க்கும் பெண்களின் முகம், இது போதும். பிள்ளைக்கு அந்த முகங்களைப் பார்த்தே புரிந்துவிடும். ஈசாக்கின்மேல் கத்தி ஓங்கும் படத்தை ஏழு வயதுவரை தள்ளிவையுங்கள். கோலியாத்தின் தலையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குப் பையன்கள் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, கதையின் கடைசியில் கட்டம் கட்டிப் போடும் 'இந்தக் கதை நமக்குச் சொல்லும் பாடம்'. இதற்கும் ஒரு பழைய ஊற்று உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்த அதே 1714-இல், ஹாம்பர்க் பள்ளித் தலைமை ஆசிரியர் யோஹான் ஹூப்னர் பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதியதிலிருந்து 52 என்று 104 கதைகளைப் பிள்ளைகளுக்காக வெளியிட்டார். ஒவ்வொரு கதைக்கும் கீழே கேள்விகள், பிறகு பாடம், பிறகு ஒரு செய்யுள். கேள்வி கேட்டது அருமையான யோசனை. நாம் கேள்வியை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். சகேயு மரத்தில் ஏறிய கதையை 'நாமும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும்' என்று முடிக்கும் புத்தகம் சகேயுவை ஏமாற்றுகிறது. அவன் நல்ல பிள்ளையாக இருந்ததால் இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. பாடக் கட்டம் இல்லாத புத்தகமாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வாசிக்கும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுங்கள், பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது, காட்டிக்கொடுக்காது. படத்தைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்: சகேயு ஏறிய மரத்தில் வேறு யார் இருந்திருப்பார்கள்? கீழே நின்றவர்கள் முகம் ஏன் அப்படி இருக்கிறது? மார்ட்டின் லூத்தர் 1529-இல் பிள்ளைகளுக்கும் எளியவர்களுக்கும் என்று சுமார் 50 மரக்கட்டைப் படங்களோடு ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தார். படத்தால் பதிவது வெறும் பேச்சால் பதியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனித் தமிழா இங்கிலீஷா என்ற சண்டை. "எங்க பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது, இங்கிலீஷ்லயே குடுத்துடுங்க" என்று பெற்றோர் சொல்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷும் வாசிக்க வராது. யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். அப்பா மெப்ஸிலும் அம்மா ஓ.எம்.ஆரிலும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் பிள்ளையை வைத்திருப்பது பாளையங்கோட்டையிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வந்திருக்கும் பாட்டி. தமிழ் வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை பலதடவை முடித்தவர். இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தால் வீட்டிலேயே நல்ல கதைசொல்லியின் வாயைக் கட்டிவிடுகிறோம். எனவே பிள்ளைக்காக அல்ல, பாட்டிக்காகத் தமிழில் வாங்குங்கள். இருமொழிப் புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தமிழ் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறினால் அப்படியே வைத்துவிடுங்கள். பீடத்திலிருந்து யோனா என்று கேட்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் ஜோனா என்று இருந்தால் இருவர் என்றுதான் நினைக்கும்.

கட்டுமானத்தையும் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே கெட்டி அட்டைப் பக்கம்தான், மற்றதெல்லாம் வாய்க்குள் போகும். அதற்கு மேல் நடுவில் பின் அடித்த புத்தகம் நல்லது, தரையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும், இருபக்கப் படமும் முழுதாகத் தெரியும். பசை போட்டு ஒட்டிய தடிப் புத்தகம் நம் ஊர்ப் புழுக்கத்தில் அடுத்த வி.பி.எஸ். வருவதற்குள் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும்.

கடைசியாகப் பணம். நாற்பது பிள்ளைக்கு ஒரே புத்தகத்தில் நாற்பது காப்பி வாங்காதீர்கள். நல்லதாகப் பத்துப் புத்தகம் தேர்ந்து ஒவ்வொன்றிலும் நாலு வாங்குங்கள். பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும், சண்டையும் போடும், போடட்டும். கூடவே ஒரு செட் சபையின் அலமாரியில் இருக்கட்டும். கழிவைவிட்டு நல்ல புத்தகம் வாங்கினால் ஒரு பிரதிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆராதனை மேடை அலங்காரத்தில் ஒரு வரிசைச் சீரியல் பல்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று உங்கள் ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ சொல்லிப் பாருங்கள்.

பதிப்பகங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 1858-இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் முதல் நேற்றுத் தொடங்கியவை வரை, கடையில் கேட்பாரில்லாததை அச்சடிக்கத் துணிய மாட்டார்கள். கேட்கும் வேலை நம்முடையது. நம் சபைகளிலேயே எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கு அட்டை வெட்ட மட்டும்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம். தாம்பரத்தைச் சுற்றிப் பத்துச் சபை சேர்ந்து பணம் போட்டால் நோவா கதை ஒன்றையாவது நம் ஓவியர் ஒருவரைக்கொண்டு, செம்மண் நிற வெள்ளத்தோடு, ஒழுங்கான முழக்கணக்கில் புதிதாக வரைந்து அச்சிட முடியும்.

அதற்குமுன், வருகிற கமிட்டிக்கு மூன்று புத்தகங்களைக் கையோடு கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள். நோவாவின் பக்கத்தைத் திறந்து எல்லோரும் பார்த்தபின் ஓட்டெடுங்கள். உங்கள் சபையில் தேறிய புத்தகத்தின் பெயரைப் பக்கத்துச் சபை ஆசிரியருக்கும் சொல்லுங்கள், சி.எஸ்.ஐ.யா, லுத்தரனா, கத்தோலிக்கமா, பெந்தெகொஸ்தேயா என்று இந்த ஒரு விஷயத்தில் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
சேலையூரிலிருந்து, உங்களோடு வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை